என்ன வேலை பார்க்கிற, தாயி?

கர்ப்பிணியைப் பதிவு செய்யும்போது நிரப்ப வேண்டிய கட்டங்கள் நிறைய. பெயர், வயது, கணவர் பெயர், எத்தனையாவது பிரசவம், கடைசி மாதவிலக்குத் தேதி, எடை, உயரம், ரத்த வகை, பிற்காலத்தில் பிக்மி என்கிற அரசுப் பதிவு எண். இவற்றுக்கு நடுவே தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. தேனி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த காலம் முழுக்க அதில் நாங்கள் எழுதி வந்தது பெரும்பாலும் ஒன்றே: கூலி. ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவள் கூலி. திராட்சைப் பந்தலுக்கடியில் நிற்பவள் கூலி. போடியில் குடோன் தரையில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிப்பவள் கூலி. செங்கல் சூளைக்காரியும் கூலி, நூற்பாலைக்குப் போகிறவளும் கூலி. அவள் கையில் என்ன ஒட்டுகிறது, மூச்சில் என்ன போகிறது என்று கேட்க அந்தத் தாளில் இடம் கிடையாது.

நானாகக் கேட்க ஆரம்பித்தேன். யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வீடு வீடாகப் போகிற வேலை என்பதால் கண்ணில் படுவதைப் பார்த்துக் கேட்டதுதான். அடுப்படிப் பரணில் மருந்து டப்பா இருக்கும். கொடியில் புருஷனின் மருந்துச் சட்டையோடு பிள்ளையின் ஜட்டியும் காயும். குளியலறையில் கழுவிய பூச்சிமருந்து டப்பாவைப் பாதியாக அறுத்துத் தண்ணீர் மொள்ளும் குவளையாக வைத்திருப்பார்கள். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, "இது என்ன மருந்து?" என்பேன். "அது தோட்டத்துக்கு அடிக்கிறதுக்கா" என்று பதில் வரும். பெயர் தெரியாது. உரக்கடையில் கொடுத்தது, அவ்வளவுதான்.

எனக்குச் சொந்த ஊர் அல்லிநகரம். தேனியோடு சேர்ந்து ஒரே நகராட்சி. வெளியூர்க்காரர்களுக்கு இயக்குநர் பாரதிராஜா பிறந்த ஊர், எங்களுக்கு வீரப்ப அய்யனார் கோயில் மலையடிவாரம். சிறுபிள்ளையாக இருந்தபோது கொசுவுக்கு டிடிடி மருந்து அடிக்க ஆள் வருவார்கள். வீட்டுச் சாமானையெல்லாம் வாசலில் எடுத்து வைப்போம். அவர்கள் பம்பால் சுவரில் அடித்துவிட்டு, வாசலருகே தேதி எழுதிவிட்டுப் போவார்கள். சுவரில் படிந்த வெள்ளையைக் கையால் தேய்த்து விளையாடியிருக்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கு மலேரியாவுக்குப் பேர்போன இடம். 1887-ல் தொடங்கி 1895-ல் முடித்த பெரியாறு அணை வேலையில் காய்ச்சலில் செத்த தொழிலாளர் ஏராளம். அந்தக் காய்ச்சலை அடக்கியதில் டிடிடிக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறந்துவிட்டு அந்த மருந்தைத் திட்டுவது நியாயமில்லை. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த பிறகு கம்பம் பக்கம் சில ஆண்டு, போடிப் பக்கம் சில ஆண்டு, கடைசியில் ஊருக்குப் பக்கத்தில். போடியிலிருந்து போடிமெட்டு, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, கூடலூரிலிருந்து குமுளி என்று மூன்று மலைச்சாலைகள். விடிவதற்கு முன்பே இந்த மூன்றிலும் ஜீப்புகள் ஏறும். உள்ளே பெண்கள், மடியில் தூக்குவாளி. உடும்பன்சோலை, வண்டன்மேடு, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் என்று இடுக்கி மாவட்டத்து ஏலக்காட்டுக்குப் போய் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார்கள். மாசமாக இருக்கிறவளைப் பகலில் வீட்டில் பார்க்க முடியாது. ஜீப் இறங்கும் இடத்தில் நான் போய் நின்றுகொள்வேன். அங்கேயே கண்ணின் கீழ் இமையை இழுத்து ரத்தசோகை பார்த்து, மாத்திரை கொடுத்து, வேலையைப் பற்றியும் கேட்பேன்.

ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். காய் மட்டும் உச்சியில் இருக்காது. தூரிலிருந்து கிளம்புகிற சரம் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும், காய் அதில்தான். அதனால் காய் எடுப்பவள் தூரடியில் குத்தவைத்து, சரத்தை ஒரு கையில் பிடித்து, விளைந்த காயாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டே நகர வேண்டும். இலைப்பேனும் தண்டு துளைப்பானும் வருவதும் அந்தத் தூரில்தான், மருந்து அடிப்பதும் அங்கேதான். குயினால்பாஸ் மாதிரியான மருந்துகளை ஆண்டுக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கிற தோட்டங்கள் உண்டு. நாட்டில் பூச்சிமருந்து அதிகம் குடிக்கிற பயிர்களில் ஏலம் ஒன்று என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். மருந்து அடிப்பது ஆண்கள். ஆனால் அடித்த இடத்தில் நாள் முழுக்கக் கையை விட்டுக்கொண்டிருப்பது பெண்கள்.

தேவாரத்துப் பக்கம் ஒருத்தி, அப்போது அவளுக்கு நாலு மாசம், சொன்னாள்: "மொதல்ல வாடைக்குக் குமட்டுச்சுக்கா. நாந்தேன் மசக்கைன்னு நெனச்சுக்கிட்டேன். பக்கத்துல இருந்த பாட்டியும் குமட்டுதுன்னுச்சு. அதுக்கும் மசக்கையாக்கா?" சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள்: "முந்தாநா அடிச்ச காட்டுல விட்டாங்கன்னா மத்தியானத்துக்குக் கை எரியும். சோத்தப் பெசஞ்சா வாடை தெரியும். கை கழுவ ஓடையத் தேடிப் போனா கங்காணி சத்தம் போடுவாரு."

சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். அட்டைக்கும் முள்ளுக்கும் அது நல்லது. ஆனால் இலையில் தேங்கிய பனியும் மழையும் பட்டு அந்தச் சட்டை காலை பத்து மணிக்கே நனைந்துவிடும். நனைந்த துணி மருந்தை உடம்போடு ஒட்ட வைத்துக்கொள்ளும். கையுறை போடச் சொன்னால் காய் கிள்ள வராது என்பார்கள். உண்மைதான், நானே போட்டுப் பார்த்தேன், வரவில்லை.

கீழே திராட்சைத் தோட்டம் வேறு மாதிரி. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல் கைக்கெட்டும் உயரத்தில் கூரை போல விரிந்திருக்கும். அந்தத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்களுக்கெல்லாம் பெருமைதான். பந்தலில் மேல்நோக்கி அடிக்கிற மருந்து கீழே நிற்பவர் தலையில்தான் சொட்டும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பழைய மருந்து. அதற்குப் பிறகு வந்தது எம்-45, அதாவது மேன்கோசெப், மஞ்சள் தூள். பெண்கள் கொத்து வெட்டி வரும்போது முடியிலும் புருவத்திலும் அந்த மஞ்சள் இருக்கும். மஞ்சள் பூசிக் குளித்த முகம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எம்-45 பாக்கெட்டில் பச்சை முக்கோணம் இருக்கும். நம் நாட்டில் பூச்சிமருந்து லேபிளில் ஒரு சதுரத்தின் கீழ்ப்பாதியில் நிறம் அடித்திருப்பார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு. பள்ளிக்கூடம் போன பையன்கள்கூட, "சிவப்புன்னா டேஞ்சர், பச்சைன்னா ஒண்ணும் செய்யாது" என்பார்கள். இங்கேதான் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. அந்த நிறம் சொல்வது ஒன்றே ஒன்று: ஒரே தடவையில் வாய் வழியாகவோ தோல் வழியாகவோ எவ்வளவு போனால் பாதி எலிகள் சாகும் என்கிற கணக்கு. வாய் வழியாகக் கிலோ எடைக்கு 50 மில்லிகிராமே போதும் என்றால் சிவப்பு, 5000-க்கு மேல் போக வேண்டும் என்றால் பச்சை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல மாதம் உடம்பில் ஏறினால் என்ன ஆகும், வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும், இருபது ஆண்டு கழித்துப் புற்றுநோய் வருமா என்பதை எந்த நிறமும் சொல்லாது. அதே மேன்கோசெப்புக்கு 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. இனப்பெருக்கத்துக்கும் கருவுக்கும் கேடு, ஹார்மோன்களைக் குழப்புகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானவை. நம் ஊரில் அது பச்சைதான். கூட்டத்தில் இதைச் சொன்னால் ஆண்கள் நம்ப மாட்டார்கள். "குடிச்சாக்கூடச் சாக மாட்டாம்மா" என்பார்கள். பூச்சிமருந்து என்றாலே குடித்துச் சாவதற்கு என்றுதான் எங்கள் பக்கத்துப் புத்தியில் பதிந்திருக்கிறது. தற்கொலை அதிகம் பார்த்த மண் அப்படித்தான் யோசிக்கும்.

பெண்களுக்கு இருந்த பயங்கள் வேறு. பப்பாளி தின்னலாமா, எள்ளு ஆகுமா, கிரகணத்தன்று வெளியே வந்துவிட்டேனே, குங்குமப்பூ வாங்கணுமா. பொறுமையாகப் பதில் சொல்வேன். சொல்லி முடித்ததும் என் முறை: என்ன வேலை பார்க்கிற தாயி? மருந்து அடிச்சு எத்தனை நாள் கழிச்சுக் காட்டுக்குள்ள விடுறாங்க? அவர் சட்டையை யார் துவைக்கிறது? தலையில் பேனுக்கு என்ன போடுற? இந்தக் கடைசிக் கேள்விக்கு வந்த பதில்தான் பல தடவை தூக்கிவாரிப் போட்டது. ஒரு காலத்தில் விதை மூட்டைக்குத் தூவுகிற கமாக்சின் தூளைத் தலையில் தேய்த்துத் துணி கட்டிக்கொள்வார்கள். அதிலிருக்கும் லிண்டேன் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் முதல் வகையில் சேர்த்தது. அதே ஆண்டு டிடிடியை "அநேகமாகத் தரும்" என்கிற அடுத்த வகையில் வைத்தது.

அம்மா வயிற்றில் இருக்கும்போது பட்ட ரசாயனம் பிள்ளைக்குப் பின்னாளில் புற்றுநோய் கொடுக்குமா என்கிற கேள்விக்கு மறுக்க முடியாத பதில் ஒன்று கிடைத்தது மருந்து மாத்திரையிலிருந்துதான், தோட்டத்து மருந்திலிருந்து அல்ல. டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டிஇஎஸ். 1938-ல் இங்கிலாந்தில் செய்த செயற்கை ஹார்மோன். கரு கலையாமல் இருக்கும் என்று அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். பலன் இல்லை என்று 1953-லேயே சிகாகோவில் ஆய்வு செய்து சொல்லியும் எழுதிக் கொடுப்பது நிற்கவில்லை. 1960களின் முடிவில் பாஸ்டனில் இளம்பெண்கள் சிலர் பிறப்புறுப்புப் புற்றுநோயோடு வந்தார்கள். கிழவிகளுக்கு அபூர்வமாக வருகிற நோய், வந்தவர்களுக்கோ வயது பதினைந்து, இருபது. அவர்களில் ஒருத்தியின் அம்மா, "நான் மாசமா இருந்தப்ப ஒரு மாத்திரை சாப்பிட்டேனே, அதனால் இருக்குமோ" என்கிற பொருள்படக் கேட்டிருக்கிறார். டாக்டர் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் கூட்டாளிகளும் விசாரித்தார்கள். எட்டுப் பெண்களில் ஏழு பேரின் அம்மாக்கள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்கள். 1971-ல் கட்டுரை வந்தது, அந்த ஆண்டே கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அரசு எச்சரித்தது.

இதில் நான் பிடித்துக்கொண்டது இரண்டு. ஒன்று, முதல் கேள்வியைக் கேட்டது ஒரு தாய், டாக்டர் அல்ல. இன்னொன்று, இவ்வளவு திட்டவட்டமாக நிரூபணமான இந்த விஷயத்திலும் வயிற்றிலேயே அந்த மருந்து பட்ட மகள்களில் அந்தப் புற்றுநோய் வந்தது ஆயிரத்தில் ஒருத்திக்குத்தான். இந்த இரண்டாவதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் கேட்கிறவள் தூங்க மாட்டாள்.

டிடிடிக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஓக்லாந்து பக்கம் 1959-லிருந்து 1967 வரை ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளிடம் ரத்தம் எடுத்து உறைய வைத்திருந்தார்கள். டிடிடி தாராளமாகப் புழங்கிய காலம் அது. பார்பரா கோன் என்கிற ஆய்வாளரின் குழு அந்தப் பெண்களின் மகள்களை ஐம்பது ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்தது. தாயின் ரத்தத்தில் டிடிடி மிக அதிகமாக இருந்த மகள்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று 2015-ல் வெளியிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு இதைப் படித்தபோது சுவரில் வெள்ளை தேய்த்த கையைத்தான் பார்த்துக்கொண்டேன். எங்கள் அம்மாக்களின் ரத்தத்தை எடுத்து வைத்தவர் யாருமில்லை. இந்தியாவில் விவசாயத்துக்கு டிடிடி கூடாது என்று 1989-ல்தான் நிறுத்தினார்கள். சென்னையில் தாய்ப்பாலைப் பரிசோதித்தவர்கள் அதற்குப் பிறகும் அதில் டிடிடி கண்டார்கள். இதைச் சொன்ன மூச்சிலேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அதற்காகப் பால் கொடுக்காமல் இருக்கக் கூடாது. தாய்ப்பாலில் கிடைக்கிற நன்மைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை, புட்டிப்பாலும் கெட்ட தண்ணீரும் கொன்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எண்டோசல்பான் என்றால் எல்லாருக்கும் காசர்கோடு ஞாபகம் வரும். அங்கே அரசு முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். கைகால் வளராத, தலை பெருத்த குழந்தைகளின் படங்களை நாடே பார்த்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுக்க நிறுத்தியது, 2017-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. எங்கள் பருத்திக்காட்டிலும் மேலே ஏலக்காட்டிலும் கைப்பம்பில் அடித்ததும் அதே மருந்துதான். காசர்கோட்டு வழக்கு பெரும்பாலும் பிறவிக் குறையும் நரம்புக் கோளாறும் பற்றியது. அதை வைத்துக்கொண்டு "மருந்து அடிச்சாப் புள்ளைக்குக் கேன்சர்" என்று பேசுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. இரண்டையும் குழப்பினால் உரக்கடைக்காரர் ஒரே வாக்கியத்தில் நம்மை மடக்கிவிடுவார்.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும் தனி ஆதாரம் உண்டு. கர்ப்ப காலத்தில் பூச்சிமருந்துப் புழக்கமுள்ள வேலை பார்த்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு அந்த நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்த கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2009-ல் கணக்கிட்டார்கள். இரண்டு மடங்கு என்றால் பயமாக இருக்கும். அந்த நோய் வருவதே லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஐந்துக்கும் குறைவு. அது பத்துக்குள் ஆகும். ஒரு வீட்டைப் பொறுத்தவரை அது மிகச் சின்ன வாய்ப்பு. ஆனால் காலையில் ஜீப் ஏறுகிற அத்தனை பெண்களையும் சேர்த்துப் பார்த்தால் சின்னது அல்ல.

அந்த நோயின் ஒரு வகை கருவிலேயே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடித்த விதம் என் தொழிலுக்குப் பக்கத்தில் இருப்பது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்போமே, வெளிநாடுகளில் அந்த அட்டைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சில வயதில் நோய் வந்த பிள்ளைகளின் பழைய அட்டையை எடுத்து லண்டனில் மெல் கிரீவ்ஸ் குழுவினர் 1990களில் சோதித்தார்கள். நோய்க்கு அடையாளமான மரபணு இணைவு பிறந்த நாளின் ரத்தத்திலேயே இருந்தது. ஆரோக்கியமான குழந்தைகளிலும் நூற்றில் ஒன்றுக்கு அந்த அடையாளம் இருக்கலாம் என்றும், அவர்களில் மிக மிகச் சிலருக்கே நோய் வருகிறது என்றும் பிறகு சொன்னார்கள். அதாவது வயிற்றில் ஒரு அடி விழுகிறது, பிறந்த பின் இன்னொரு அடி விழுந்தால்தான் நோய். முதல் அடியை எது போட்டது என்று எந்த அட்டையும் சொல்லாது.

கூடலூர்ப் பக்கத்துத் திராட்சைக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டதும் அதைத்தான். பையனுக்கு ஆறு வயதிருக்கும், ரத்தப் புற்றுநோய், மதுரையில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. தலைமுடி கொட்டிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மனைவி உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டார்: "நர்சம்மா, இவன் வயித்துல இருக்கும்போது எஞ்சட்டயத்தேன் அவ தெனமும் துவச்சா. அதுனாலயா?" அவள் கர்ப்பமாக இருந்தபோது அந்த வீட்டுக்குப் போனவள் நான். இல்லை என்றால் பொய், ஆமாம் என்றாலும் பொய். "ஒரு பிள்ளையைக் காட்டி இதனாலதான்னு சொல்ல உலகத்துல எந்த டாக்டராலயும் முடியாது. மருந்தே தொடாத வீட்டுப் பிள்ளைக்கும் வருது. உங்க வீட்டம்மா துவச்சதால வந்ததுன்னு யாராவது பேசினா என்கிட்டக் கூட்டிட்டு வாங்க. ஆனா இனிமே அந்தச் சட்டை வீட்டுக்குள்ள வர வேண்டாம்" என்றேன். அடுத்த தடவை போனபோது கிணற்றடி மோட்டார் ரூம் பக்கத்தில் தனியாக ஒரு துவைகல் போட்டிருந்தார். சட்டை அங்கேயே அவர் கையால் அலசல், அங்கேயே குளியல், பிறகுதான் வீடு. பையன் வைத்தியத்தை நடுவில் விடாமல் முடித்தான். இந்த நோயில் இன்று பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கிறார்கள், பாதியில் நிறுத்தியவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். அதை நான் வலியுறுத்தியதைப் போல வேறெதையும் வலியுறுத்தியதில்லை.

அந்தத் துவைகல்லைப் பார்த்த பிறகு எல்லா வீட்டிலும் அதையே சொன்னேன். பெரிய உபதேசம் பலிக்காது, கையால் செய்யக்கூடிய சின்ன வேலை பலிக்கும். மருந்துச் சட்டையைப் பிள்ளைத்துணியோடு ஊற வைக்காதே. பரணில் இருக்கிற டப்பாவை மோட்டார் ரூமுக்கு மாற்று. காலி டப்பாவைக் குத்திக் கிழித்துவிடு, குவளையாக்காதே. தோட்டத்திலிருந்து வந்ததும் பிள்ளையைத் தூக்காதே, முதலில் சோப்புப் போட்டுக் கை. மலைக்குப் போகிறவளுக்கு: தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒன்று குடிக்க, ஒன்று சோற்றுக்கு முன் கை கழுவ. நனைந்தால் மாற்ற இன்னொரு சட்டை.

வேலையை விடச் சொல்வது மட்டும் என் வாயில் வராது. விட்டால் சோறு? முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகை 1987-ல் தொடங்கியது, இப்போது சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய். கர்ப்பிணி வேலைக்குப் போக முடியாமல் இழக்கும் கூலியை ஈடுகட்டுவதும் அதன் நோக்கம். தவணை தவணையாக வரும் அந்தப் பணத்தில் எத்தனை நாள் கூலியை ஈடுகட்ட முடியும் என்று அவர்களே விரல் விட்டுக் கணக்குச் சொல்வார்கள். அந்த அம்மையாரைப் பற்றி ஒன்று: தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில்தான் அவர் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். கர்ப்பிணிப் பணத்தின் பெயருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் தொடக்கத்துக்கும் சொந்தக்காரர் ஒரே பெண். ஆனால் இரண்டு இடத்துப் பதிவேடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதில்லை.

வேலையை விடச் சொல்ல முடியாததால் கங்காணிகளிடம் போனேன். கங்காணி கெட்டவர் அல்ல, எங்கள் ஊர்க்காரர்தான், பெரும்பாலும் அந்தப் பெண்களுக்கே மாமாவோ பெரியப்பாவோ. "மூணு மாசம் இந்தப் பிள்ளையைத் தூரடியில் விடாதீங்கண்ணே. ஸ்டோரில் காய் பார்க்கிற வேலை கொடுங்க, இல்லாட்டி மருந்து அடிக்காத பக்கம் விடுங்க" என்பேன். சிலர் கேட்டார்கள், சிலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் யோசனையாக, "மருந்து அடிச்ச காட்டுக்குப் போர்டு வைக்கச் சொல்லி மொதலாளிகிட்டக் கேக்குறேன் தாயி" என்றார். அப்புறம் நிஜமாகவே சாக்கில் சிவப்பு மை போட்டுக் கட்டியிருந்ததாகப் பெண்கள் வந்து சொன்னார்கள்.

2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் போட்ட ஏலக்காயில் அளவுக்கு மீறிய பூச்சிமருந்து இருந்ததாகக் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின் தேங்கியது. பிறகு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை விலக்கியது, அது வேறு விஷயம். குமுளி வழியாக மாலை போட்டுப் போகிற எங்கள் ஊர் முழுக்க அதே பேச்சு. அரவணையைத் தின்றவர்களுக்கு என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டவர்கள் கணக்கில்லை. ஒரு டின்னில் விழுவது சில ஏலக்காய். அதைச் சரத்திலிருந்து கிள்ளியவளின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று எந்தக் கோர்ட்டிலும் யாரும் மனுப் போடவில்லை. வெளிநாட்டுக்குப் போகும் காய்க்குப் பரிசோதனை உண்டு, திரும்பி வந்த சரக்கு உண்டு, அதற்குப் பயந்து மருந்தைக் குறைத்த தோட்டங்களும் உண்டு. காய் எடுப்பவளுக்குக் கிடைத்த நன்மை அந்த வழியாக வந்ததுதான்.

எனக்கு ரொம்ப நாள் உறுத்திய விஷயம் தேதி. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்துவிட்டால் எங்களுக்குப் பாராட்டு. ஆனால் கரு உண்டான மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் மூளை, இதயம், கைகால் எல்லாவற்றுக்கும் வடிவம் வந்துவிடும். முதுகுத்தண்டுக் குழாய் நாலு வாரத்திலேயே மூடிவிடும். பூச்சிமருந்தை உடைத்துப் போடும் நொதிகள் கருவில் மிகக் குறைவு, செல்களோ நொடிக்கு நொடி பிரிந்துகொண்டிருக்கும். அப்போது அவளுக்கே தெரியாது மாசமாக இருப்பது. கடைக்கால் போட்டு முடித்த வீட்டுக்கு வாஸ்து பார்க்க வந்தவரைப் போல அட்டையோடு நாங்கள் போய் நிற்போம்.

எங்களிடம் இன்னொரு பதிவேடு உண்டு, தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வைத்தது. கல்யாணம் ஆன வீடெல்லாம் அதில் இருக்கும். அதன் ஓரத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன்: ஏலம், எடுப்பு. திராட்சை, அவர் மருந்து அடிக்கிறார். புதுப்பெண்ணுக்குப் போலிக் ஆசிட் மாத்திரை கொடுக்கும் சாக்கில் போய் உட்காருவேன். எப்போது நாள் தள்ளிப்போகிறதோ அன்றே எனக்கு ஆள் அனுப்பச் சொல்வேன். அடிவாரத்து வீடொன்றில் மாமியார் சண்டைக்கே வந்துவிட்டார்: "நாங்கள்லாம் மருந்துக்குத் தண்ணி தூக்கிக் குடுத்துக்கிட்டேதேன் புள்ள பெத்தோம். அஞ்சு பெத்தேன், என்ன கொறஞ்சு போச்சு?" எத்தனை தங்கியது என்று கேட்டேன். மூன்று என்றார். இரண்டு போனதற்கு மருந்துதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படிப் போனது. "அத்தை, உங்க காலத்துல வருஷத்துக்கு எத்தனை தடவை மருந்து அடிச்சாங்க?" என்று மட்டும் கேட்டேன். யோசித்தார். "ரெண்டோ மூணோ" என்றார். இப்போது எத்தனை என்று மருமகளைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள், இரண்டு கையும் தீர்ந்து மாமியார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறு வாரம் போனபோது அந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் குவளையாக இருந்த நீல மருந்து டப்பாவைக் காணோம். மருமகளை மலைக்கு அனுப்புவதைப் பற்றிக் கேட்டால், "காய் சீசன் முடியட்டும் பாப்போம்" என்றார் மாமியார். அது சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை. பதிவேட்டு ஓரத்தில் அதையும் பென்சிலால் எழுதி வைத்தேன், எனக்குப் பின்னால் வருகிற சிஸ்டர் போய்க் கேட்கட்டும் என்று.